ரீச்சரிடம் கேளுங்கள்: கறுவாத்தோட்டத்துப் பூங்கா

போன இதழில், மழை விட்ட ஒரு காலையில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் நாகலிங்கப் பூ பொறுக்கியதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வழமையாக எனக்கு வரும் கடிதங்கள் உரம், வெள்ளைப்பூச்சி, ரோசா மொட்டு ஏன் கருகுகிறது என்ற மாதிரித்தான் இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல் அந்தப் பூங்காவைப் பற்றியே வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்குத்தான். ரோசா வளர்ப்பவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பஸ்ஸில் போகும்போது என் எட்டு வயது மகன், “கறுவாத்தோட்டம் என்கிறீர்கள், கறுவா எங்கே அம்மா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. (தெஹிவளை வாசகி)

பதில்: நல்ல பிள்ளை. கறுவா இருந்தது என்று சொல்லுங்கள். ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட காலத்தில் முதலில் காட்டில் தானாக வளர்ந்த கறுவாவை உரித்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்த காடுகளுக்குப் போய்வருவது கரைச்சலாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், கோட்டைக்குக் கிட்டவே, மருதானைப் பக்கத்து மணல் நிலத்தில் தாங்களே நட்டுப் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டது. கறுவாவைக் களவாக விற்றால் மரண தண்டனை வரை போகும் சட்டம் இருந்த காலம் அது.

பிரித்தானியர் 1833இல் கறுவா வியாபாரத்தில் வைத்திருந்த ஏகபோக உரிமையை விட்டார்கள். அதன் பிறகு தோட்டங்கள் மெல்ல மெல்லக் காணித் துண்டுகளாகி, பெரிய பங்களாக்கள் எழும்பின. நகரத்துக்கு ஒரு பூங்கா அமைக்க சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற கொடையாளி நிலம் கொடுத்தார். நாங்கள் கொழும்பு 7 என்று சொல்கிற அமைதியான இடம் இப்படித்தான் உண்டானது. சிங்களத்தில் குருந்துவத்த, தமிழில் கறுவாத்தோட்டம். மரம் போனாலும் இரண்டு மொழிகளும் அந்தப் பெயரை விடவில்லை. எனக்கு அதில் ஒரு சந்தோசம்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்காவது ஒரு வீட்டு வளவில் கறுவா மரம் கண்டால் ஒரு இலையைப் பறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் எடுப்பாகத் தெரியும். குருத்து சிவப்பாக இருக்கும். கசக்கினால் பட்டையின் வாசம் வராது, கராம்பு வாசம்தான் வரும். கையில் அந்த வாசத்தோடு ஒருமுறை பூங்காவைச் சுற்றி வந்தானென்றால் அந்தப் பெயர் அவனுக்கு மறக்காது.

கேள்வி: எங்கள் அப்பா கடைசி வரை “விக்டோரியா பார்க்” என்றுதான் சொன்னார். இன்றைய பெயரைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம். விகாரமகாதேவி, தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் தாய் அல்லவா? தமிழர்களாகிய நாங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஐயா, இதை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. என் வீட்டிலும் இதே கதைதான். என் அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்களை “விக்டோரியா பார்க்”குக்குத்தான் கூட்டிப்போனார், பலகையில் வேறு பெயர் வந்து பல வருடங்களான பிறகும். அந்தப் பழைய பெயரும் எங்களுடையது இல்லை. கடலுக்கு அப்பால் இருந்து ஆண்ட ஒரு மகாராணியின் பெயர்.

புதிய பெயரைப் பற்றி நான் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். விகாரமகாதேவி களனி அரசன் களனிதிஸ்ஸனின் மகள். அரசன் ஒரு குற்றமற்ற பிக்குவைக் கொன்றான், கடல் பொங்கி ஊருக்குள் வந்தது, அதைத் தணிக்க மகளைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டான் என்கிறது கதை. தகப்பன் செய்த பிழைக்குப் பலியாகக் கடலில் விடப்பட்ட பெண்பிள்ளை. அலை அவளைத் தெற்கே ருகுணைக் கரையில் சேர்த்தது. அந்த நாட்டு அரசன் காவன்திஸ்ஸனுக்கு மனைவியானாள். அவளுடைய மகன் எல்லாளனோடு போரிட்டது பிறகு வரும் கதை. அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது படகில் தனியாக இருந்த அந்தப் பிள்ளைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாளன் 44 ஆண்டுகள் நீதியாக ஆண்டான், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நியாயம் சொன்னான் என்று எழுதி வைத்தது சிங்களவரின் பழைய வரலாற்று நூலான மகாவம்சமேதான். ஆராய்ச்சி மணியும் கன்றை இழந்த பசுவும் அதிலும் வருகின்றன. எங்கள் மனுநீதிச் சோழன் கதையும் அதே கதை. வென்ற துட்டகைமுனு தோற்ற எல்லாளனுக்கு மரியாதையோடு ஈமக்கிரியை செய்து நினைவுச் சின்னம் எழுப்பினான், அந்த இடத்தைக் கடக்கும்போது மேளம் அடிக்கக் கூடாது என்று கட்டளையிட்டான் என்றும் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். நானும் சிங்களம் படிப்பிக்கும் என் சிநேகிதியும் ஒரே நாளில் ஒரே மரத்தடியில் எங்கள் வகுப்புகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறோம், அவள் அவளுடைய மொழியில், நான் என்னுடைய மொழியில்.

உங்கள் அப்பாவின் காலத்துக் கதை ஒன்றும் அங்கே நிற்கிறது. பூங்காவில் உயரமான ஒரு கல்தூண் இருக்கிறதல்லவா? போரில் இறந்தவர்களின் நினைவுத்தூண். புது டில்லியை வடிவமைத்த லுட்யன்ஸ்தான் அதையும் வரைந்தவர். முதலில் அது காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நின்றது. இரண்டாம் உலகப் போர் வந்ததும், ஜப்பானியருக்கு அது குறி பார்க்க அடையாளமாகிவிடும் என்ற பயத்தில் கழற்றி இங்கே கொண்டு வந்து நட்டார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அந்த நாட்களில் பூங்காவே இராணுவ முகாமாக இருந்தது. போர் முடிந்து திருத்தி, 1951இல்தான் மறுபடியும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உங்கள் அப்பா சின்ன வயதில் கண்டது அந்தப் பூங்காவாக இருக்கலாம்.

கேள்வி: நீங்கள் நாகலிங்கம் என்று எழுதிய பூவை என் கந்தோர்த் தோழி “சல்” என்கிறாள். புத்தர் பிறந்தது சல் மரத்தடியில் என்றும் சொல்கிறாள். யார் சொல்வது சரி? (நுகேகொடை வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் போல இருக்கிறது.

மரம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை, தங்கச்சி. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதை “பீரங்கிக் குண்டு மரம்” என்கிறார்கள், காயின் உருவத்தைப் பார்த்து. பிரித்தானியர் காலத்தில்தான் இந்தத் தீவுக்கு வந்தது. புத்தர் பிறந்த கதையில் வரும் சால மரம் வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வளர்கிற வேறு மரம். எங்கள் பழைய சிவன் கோயில்களைக் கட்டியவர்களும் நாகலிங்கப் பூவைக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆறு தடித்த இதழ்கள், வெளியே மஞ்சள் கலந்து, உள்ளே ரோசாச் சிவப்பு. நடுவில் ஒரு சின்ன மேடு. அதைச் சுற்றிக் குட்டி மகரந்தங்கள் வளையமாக நிற்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் மகரந்தங்கள் எழும்பி அந்த மேட்டுக்கு மேல் குடைபோல வளைகின்றன. எங்கள் கண்ணுக்கு அது லிங்கமும் அதன் மேல் படம் விரித்த நாகமும். உங்கள் தோழியின் கண்ணுக்கு அந்த மேடு ஒரு தாதுகோபம். எங்கிருந்தோ வந்த ஒரு மரத்தில் இரண்டு சனங்களும் தங்கள் கடவுளைக் கண்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அந்த நாகப்படத்துக்கு மரத்திடமும் ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பூவில் தேன் இல்லை. தேனீயை வரவழைக்க மகரந்தப் பொடியைத்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தின்னக் கொடுத்தால் காய் பிடிக்காது. ஆகவே படத்தில் இருக்கும் பொடி தேனீக்குத் தீனி, வளையத்தில் இருக்கும் பொடி கருக்கட்டுவதற்கு. தேனீ படத்துக்குள் புகுந்து தின்னும்போது வளையத்தின் பொடி அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதை வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மரத்தடியில் கருவண்டு ஒன்று பூவுக்குள் போய் வருவதைக் காட்டினால் ஒரு பிள்ளையும் அசையாது. பூக்கள் கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலிருந்தே தொங்குவதால் குனியக்கூட வேண்டாம், கண்மட்டத்தில் பார்க்கலாம்.

பூவின் வாசம் இரவிலும் விடிகாலையிலும்தான் தூக்கலாக இருக்கும். காய் பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். விழுந்து உடைந்தால் நாற்றம் தாங்க முடியாது. மண்டையில் விழுந்தால் இன்னும் மோசம், ஆகவே காய் தொங்கும் பக்கத்தில் பாயை விரிக்காதீர்கள்.

கேள்வி: பூங்காவில் விழுந்து கிடக்கும் விதைகளை வீட்டுக்கு எடுத்து வரலாமா? (வத்தளை வாசகர்)

பதில்: விழுந்த பூவை எடுங்கள். விதையைப் பற்றி அங்கே வேலை செய்யும் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் எந்த மரத்தின் விதை முளைக்கும், எது முளைக்காது என்றும் சொல்லித் தருவார்கள். பறிப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: மாலையில் அங்கே மரத்தில் தொங்கும் வௌவால்களைப் பார்த்து என் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நோய் வரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். (மருதானை வாசகி)

பதில்: அவை பழந்தின்னி வௌவால்கள். இறக்கையை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் வரும், அதுதான் பிள்ளைகளுக்குப் பயம். பகல் முழுக்கக் கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கும், சண்டை பிடிக்கும், இறக்கையால் விசிறிக்கொள்ளும். பொழுது பட்டதும் ஒன்றன் பின் ஒன்றாகப் புறப்பட்டு நகரத்தின் மேலால் போகும். பழம் தின்று விதையைத் தூரத்தில் போடுவதும், இரவில் பூக்கும் மரங்களுக்கு மகரந்தம் கொண்டு போவதும் அவைதான். தாய்க்கு வருடத்தில் ஒரு குட்டிதான், அதையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு பறக்கும். மின்கம்பியில் அடிபட்டுத் தாயும் குட்டியுமாகத் தொங்குவதை ஒருமுறை கண்டேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொட வேண்டாம், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும். கடித்துப் போட்ட பழத்தை எடுத்துத் தின்ன வேண்டாம். கூட்டத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டாம். இவ்வளவையும் கவனித்தால் போதும். பயப்படும் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அவை புறப்படும் நேரத்தில் எண்ணச் சொல்லுங்கள். இருபதைத் தாண்டும்போது பயம் போயிருக்கும்.

கேள்வி: கனடாவிலிருந்து அக்காவின் பிள்ளைகள் வருகிறார்கள். பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்ட என்று ஏதாவது இருக்கிறதா, ரீச்சர்? வெறும் மரங்கள்தானே. (வெள்ளவத்தை வாசகி)

பதில்: “வெறும் மரங்கள்” என்று என்னிடமே எழுதிவிட்டீர்கள், சரி. மரங்களைப் பார்த்துவிட்டு நூதனசாலைக்கு நடந்து போங்கள், பக்கத்தில்தான்.

1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த கட்டடம் அது. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்களாம். வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும், அது போதும் என்றாராம். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் இந்தக் கதையை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகளை ஒரு கல்லின் முன்னால் நிறுத்துங்கள். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டு வந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று எழுத்துகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வந்துறைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனைப் பொருள், எண்ணெய் என்று காணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். இந்தக் கரையில் தமிழில் எழுதினால் வாசிக்க ஆள் இருந்தது என்று சீனத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1911இல் அதைக் கண்டெடுத்தபோது ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. நான் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போதெல்லாம், அதன் மேலால் நடந்த கால்களை நினைப்பேன்.

அப்புறம் வெளியே வந்து கிறீன் பாத்தில் நடவுங்கள். இப்போது அது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. நூதனசாலை திறந்த அதே 1877இல், கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர் அவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் மச்சான் முறை. இந்தத் தீவின் மண்ணையும் கல்லையும் ஆராயத் தொடங்கி, பிறகு சிற்பம், ஓவியம், கைவேலை என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். அவருடைய பெயருள்ள தெருவில்தான் ஓவியர்கள் தங்கள் படங்களை வரிசையாக வைத்து விற்கிறார்கள். அதை யாரும் திட்டம் போட்டுச் செய்தார்களோ என்னவோ, எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அக்காவின் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் படம் வாங்கிக் கொடுங்கள். கனடாவில் சுவரில் தொங்கட்டும்.

கேள்வி: நானும் நான் கட்டப்போகிறவரும் வாடகை அறைகளில் இருக்கிறோம். சந்தித்துப் பேச வேறு இடமில்லாமல் பூங்காவில் இருக்கிறோம். போகிற வருகிற ஆட்கள் பார்க்கும் பார்வை தாங்க முடியவில்லை. நாங்கள் செய்வது பிழையா? (பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: பிழையில்லை, பிள்ளை. காசு கொடுத்துக் குளிரூட்டிய கடையில் இரண்டு மணித்தியாலம் இருக்க முடிந்தவர்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் என்று இல்லை. வேலைக்காக ஊரை விட்டு வந்து அறையில் தங்கியிருக்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு இந்த நகரத்தில் இருக்கும் ஒரே வரவேற்பறை அந்த மரத்தடிதான். வெளிச்சம் உள்ள நேரத்தில் போங்கள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருங்கள். யாராவது வந்து அதட்டினால் பதற வேண்டாம், எழும்பி நின்று மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். முகத்தை மறைக்கக் குடையையும் விரிக்காமல் இருந்து பாருங்களேன். மறைக்க ஒன்றுமில்லாதவர்களை ஆட்கள் கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வாருங்கள்.

கேள்வி: மனைவி போன பிறகு பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டி என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்து நாலாம் மாடியில் இருத்திவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். அங்கே முற்றமும் வேம்பும் இருந்தன. இங்கே ஒரு யன்னல். உங்கள் பூங்கா எனக்கு என்ன செய்யும்? வயது 76. (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: அண்ணை, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்கள் வேம்பை அந்தப் பூங்கா திருப்பித் தராது. அக்காவையும் தராது. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உள்நாட்டுப் போர்க்காலத்தில் சில வருடங்கள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த மறிப்பில் என்ன கேட்பார்களோ என்று நெஞ்சு அடிக்க நடப்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று இருந்துவிட்டேன். திரும்பிப் போன முதல் நாள் எனக்கு ஒரு மனிதரையும் தெரியவில்லை. ஆனால் நூலகப் பக்கத்தில் அப்பா எங்களை இருத்திக் கச்சான் உரித்துத் தந்த அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு அழுதேன். ஒரு தோட்டக்காரர் வந்து, என்ன அம்மா என்று சிங்களத்தில் கேட்டார். பழைய மரம் என்றேன். ஓம், பழைய மரம்தான் என்றார். அதற்குப் பிறகு வாராவாரம் போகிறேன்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் எடுங்கள். கொள்ளுப்பிட்டியில் இறங்குங்கள். அங்கிருந்து நடக்க முடியாவிட்டால் ஓட்டோ, மீற்றர் போடச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் வெயில் இராது. தண்ணீர்ப் போத்தலும் ஒரு பழைய பத்திரிகையும் கொண்டு வாருங்கள், வாங்கு ஈரமாக இருக்கும். முதல் நாள் முழுவதையும் சுற்ற வேண்டாம். ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்து அதன் கீழேயே இருங்கள். தூங்குமூஞ்சி என்றால் வெளிச்சம் ஏற ஏற இலைகள் விரிவதைப் பார்க்கலாம், அந்தியில் மறுபடியும் மூடிக்கொள்ளும். மார்ச், ஏப்ரலில் ரோபரோசியா மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூக்கும், நிலம் முழுக்க விழுந்து கிடக்கும். அடுத்த வாரம் அதே மரத்தடிக்கு வாருங்கள்.

நான் புதன்கிழமைகளில் வருவேன். நூலகப் பக்கத்து வாங்கு, சாம்பல் நிறக் குடை, வெள்ளைப் பருத்திச் சேலை. யாழ்ப்பாணத்தில் உங்கள் வேம்பு எந்தப் பக்கம் நின்றது, கிணற்றடியிலா, படலையடியிலா என்று எனக்குச் சொல்ல வேண்டும். தேத்தண்ணி நான் போத்தலில் கொண்டு வருகிறேன், சீனி குறைவாகத்தான் இருக்கும்.